காட்டன் துணியில் சப்ளிமேஷன்: துவைத்தால் படம் ஏன் போகிறது?

ராமநாதபுரம் பக்கம் உச்சிப்புளியில் எனக்கு ஒரு சின்ன பிரிண்டிங் கடை. பேப்பரில் பிரிண்ட் எடுத்த படத்தைச் சூட்டில் ஆவியாக்கித் துணியில் ஏற்றுவதுதான் சப்ளிமேஷன். பாலியஸ்டரில் அது நிற்கும், காட்டனில் நிற்காது. பதினைந்துக்குப் பதினைந்து அங்குல ஹீட் பிரஸ் ஒன்று, சப்ளிமேஷன் இங்க் ஊற்றிய டேங்க் பிரிண்டர் ஒன்று, ஒரு மேசை, ஒரு ஃபேன். கபடி ஜெர்சி, வாலிபால் ஜெர்சி, முளைக்கொட்டுக்கும் சர்ச் திருவிழாவுக்கும் டீ-சர்ட், பிள்ளைகளின் பிறந்தநாளுக்குப் போட்டோ போட்ட சட்டை என்று ஓடுகிறது பிழைப்பு. மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் புதிதாக பிரஸ் வாங்கிப் போட்டவர்கள் அவ்வப்போது போன் செய்வார்கள். பத்துப் பேரில் ஏழு பேருக்குப் பிரச்சினை காட்டனில்தான். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன். உங்கள் துணியில் என்ன கோளாறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் தாண்டாதீர்கள்.

முதலில், கையில் இருப்பது என்ன துணி?

கடைக்காரர் சொன்னதையும் கழுத்துப் பட்டியில் இருப்பதையும் நம்பி நான் ஏமாந்தது உண்டு. 'காட்டன் ஃபீல்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அது ஸ்பன் பாலியஸ்டர், நமக்கு நல்லது. 'காட்டன் ரிச்' என்றால் கலப்பு. 'பயோ வாஷ்' என்றால் அநேகமாக முழுக் காட்டன், நமக்கு ஆகாது. பட்டி இல்லாத துணிக்கு ஒரே வழி நெருப்பு.

சட்டையின் அடி மடிப்புக்குள் இருந்து இரண்டு மூன்று நூல் உருவி, புருவம் எடுக்கும் இடுக்கியில் பிடித்து, தண்ணீர் ஊற்றிய தட்டுக்கு மேல் வைத்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். காட்டன் நூல் உடனே பற்றும். காகிதம் எரியும் வாசனை. ஊதி அணைத்த பிறகும் நுனியில் ஊதுவத்தி போலக் கங்கு ஓடும். மிஞ்சும் சாம்பலை விரலில் தேய்த்தால் திருநீறு மாதிரிப் பொடிந்துவிடும். பாலியஸ்டர் நூல் தீ பக்கத்தில் வரும்போதே சுருண்டு பின்வாங்கும், உருகும், ஆறியதும் நுனியில் கடுகு மாதிரிக் கறுப்பு மணி ஒன்று நிற்கும். நகத்தால் நசுக்கினாலும் நசுங்காது. கலப்புத் துணி எரியவும் செய்யும், அந்தக் கெட்டி மணியையும் விடும். பட்டு என்றால் முடி கருகும் நாற்றம். ரேயானில்தான் பலர் ஏமாறுவது: பளபளவென்று இருப்பதால் பாலியஸ்டர் என்று நினைப்பார்கள். அது மரக்கூழில் செய்த நூல், காட்டன் போலவே எரியும், காட்டன் போலவே படத்தைக் கைவிடும்.

துவைத்ததும் படத்தைக் காணோம்

இது எனக்கே நடந்தது. தங்கச்சிமடம் பக்கம் ஒரு ஊரில் திருவிழாவுக்கு நாற்பது டீ-சர்ட் கேட்டார்கள். வெள்ளை, நல்ல கனம், தொட்டால் மெத்தென்று இருந்தது. கடை ஆரம்பித்த புதிது. விற்றவர் 'இதுல எல்லாம் ஏறும் தம்பி' என்றார். நானும் நாற்பதையும் அடித்தேன். பிரஸ்ஸைத் திறந்தபோது படம் பரவாயில்லை ரகம்தான், கொஞ்சம் தூங்கி வழிந்தது. ஆனாலும் கொடுத்துவிட்டேன். திருவிழா முடிந்த மறுவாரம் சங்கத்துக்காரர் ஒருவர் ஒரு சட்டையைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி வந்தார்.

"தம்பி, ஒரே துவைப்பு. மாதா நீலமா இருந்தாக. இப்ப மாதாவையே காணோம்."

விரித்துப் பார்த்தால் வெள்ளைத் துணியில் தண்ணீர் காய்ந்த தடம் மாதிரி ஒரு வெளிறல், அவ்வளவுதான். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டதால் அவர் இன்றைக்கும் என்னிடம்தான் வருகிறார்.

காரணம் இதுதான். சப்ளிமேஷன் இங்க்கில் இருப்பது டிஸ்பெர்ஸ் வகைச் சாயம். 180 முதல் 210 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது திரவமாகாமல் நேரே ஆவியாகிறது. பாலியஸ்டர் நூலின் உள்ளமைப்பு 70, 80 டிகிரியைத் தாண்டியதும் நெகிழத் தொடங்கும். 200ஐ நெருங்கும்போது நன்றாகவே இளகிக் கிடக்கும். ஆவி உள்ளே புகுந்துவிடும். துணி ஆறியதும் நூல் இறுகிவிடும், சாயம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதனால்தான் ஜெர்சியில் அடித்த படத்தை விரலால் தடவினால் தட்டுப்படுவதே இல்லை.

காட்டன் அப்படி இளகாது. அது செல்லுலோஸ், தண்ணீரைக் கண்டால் உறிஞ்சுவது. இந்தச் சாயமோ தண்ணீரோடு ஒட்டாதது. இரண்டுக்கும் சம்பந்தம் பேசி முடிக்க முடியாது. ஆவி நூலின் மேல் படிந்து நிற்கும், சோப்பு நுரையோடு போய்விடும். லினன், சணல், ரேயான், மூங்கில் நூல், எல்லாம் இதே சாதி. கம்பளியும் பட்டும் வேறு ஜாதி நூல் என்றாலும் அவற்றிலும் இதை நம்பிக் கொடுக்கிற அளவுக்கு நிற்காது.

சூட்டைக் கூட்டினால் நிற்குமா? நிற்காது, துணிதான் கருகும். நேரத்தைக் கூட்டினால்? அதே கதி. வினிகரில் ஊற வை, கல்லுப்புப் போட்டு அலசு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வேறு சாயங்களுக்கு அந்த வைத்தியம் உதவலாம். இதற்கு வாலிநோக்கம் உப்பளத்தையே கரைத்து ஊற்றினாலும் பலனில்லை.

இதில் எனக்கு ஒரு வியப்பு. பருத்தியில் சாயம் ஏற்றுவதற்குப் பேர்போன கரை இது. மணலில் வளரும் சாயவேரைத் தோண்டி எடுத்து, அதில்தான் பருத்திக்குச் சிவப்பு ஏற்றினார்கள். அதுவும் வேரை மட்டும் கொதிக்க வைத்தால் ஏறாது. கடுக்காயும் படிகாரமும் கொடுத்துத் துணியை முதலில் தயார் செய்ய வேண்டும். படிகாரம் ஒரு கையால் நூலையும் மறு கையால் சாயத்தையும் பிடித்துக்கொள்ளும். பருத்தி நூலுக்கும் சாயத்துக்கும் நடுவே தரகர் ஒருவர் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாம் பிரஸ்ஸை வாங்கி வந்த அன்றே நேரே அடித்துவிடப் பார்க்கிறோம்.

சப்ளிமேஷனுக்கு அந்தத் தரகர் பிளாஸ்டிக்தான். காட்டனில் சப்ளிமேஷன் என்று எந்தப் பெயரில் என்ன விற்றாலும், உள்ளே நடப்பது காட்டன் மேல் ஒரு பாலிமர் படலத்தைப் போட்டு அந்தப் படலத்தில் படம் ஏற்றுவதுதான். இது மனதில் பதிந்துவிட்டால் மீதிக் கோளாறுகள் பாதி புரிந்துவிடும்.

அதற்கான வழிகளை நான் செய்து பார்த்த வரையில் சொல்கிறேன்.

கலப்புத் துணி எடுப்பதுதான் தொல்லை குறைந்தது. 65 சதவீதம் பாலியஸ்டர், 35 காட்டன் உள்ள வெள்ளைத் துணியில் படம் நிற்கும். ஆனால் காட்டன் பங்கில் விழுந்த சாயம் முதல் இரண்டு மூன்று துவைப்பில் போய்விடும். பழைய போட்டோ மாதிரி ஒரு மங்கலோடு நிலைத்துவிடும். சில படங்களுக்கு அந்த மங்கல் அழகாகவே இருக்கிறது. முகங்களுக்கு நன்றாக இருக்காது. பாதிக்குப் பாதி கலப்பில் நான் அடிப்பதில்லை.

ஸ்பிரே என்பது பாலிமர் கரைசல். அடிக்க வேண்டிய இடத்தில் தெளித்து, பிரஸ்ஸில் காயவைத்து, பிறகு வழக்கம்போல் படத்தை ஏற்றுவது. ஒவ்வொரு பாட்டிலுக்கும் சூடும் நேரமும் வேறு, அதன் அட்டையில் போட்டிருப்பதைத்தான் பின்பற்ற வேண்டும். கதவு ஜன்னல் திறந்து, மாஸ்க் போட்டுக்கொண்டு தெளியுங்கள். துணி நனையும் அளவு வேண்டும், சொட்டும் அளவு வேண்டாம். செறிவான கரைசலில் தண்ணீர் கலக்கச் சொல்லியிருந்தால் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீரில் நாசில் இரண்டே நாளில் அடைத்துக்கொண்டது. கேன் தண்ணீர் ஊற்றிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

சப்ளிமேஷனுக்கென்றே வரும் வினைல் என்ற பிளாஸ்டிக் ஷீட் இருக்கிறது. படத்தின் ஓரத்தை ஒட்டி வெட்டி, துணியில் ஒட்டி, அதில் சாயத்தை ஏற்ற வேண்டும். நிறம் பிரமாதமாக வரும். கறுப்புச் சட்டையிலும் அடிக்கலாம், ஏனென்றால் வெள்ளை வினைல் அடியில் இருக்கிறது. பெயர், நம்பர், சின்ன லோகோ என்றால் சரி. நெஞ்சு முழுக்க ஒட்டினால் எங்கள் ஊர் வெயிலில் அந்தச் சட்டையைப் போடுகிறவர் பாவம்.

டிடிஎஃப் (படத்தை ஃபிலிமில் பிரிண்ட் எடுத்துத் துணியில் ஒட்டும் முறை) பவுடரைத் தூவி ஏமாற்றும் வழி ஒன்று ஓடுகிறது. சப்ளிமேஷன் பேப்பரில் பிரிண்ட் எடுத்து, ஈரம் காயுமுன் ஒட்டும் பவுடரைத் தூவி உதறி, உருக்கி, காட்டனில் அழுத்துவது. முதல் பார்வைக்கு நன்றாக இருக்கும். போகப் போக நிறம் மங்கும், ஓரம் கசியும். தெரிந்தவருக்கு விளையாட்டாக அடித்துக் கொடுக்கலாம், காசு வாங்கிக்கொண்டு செய்வதை நான் விட்டுவிட்டேன்.

காட்டனேதான் வேண்டும், நாள்பட நிற்கவும் வேண்டும் என்றால் சப்ளிமேஷனை விட்டுவிட்டு டிடிஎஃப் ஃபிலிமோ ஸ்கிரீன் பிரிண்டிங்கோ போங்கள். ஃபிலிமை வெளியில் பிரிண்ட் எடுத்து வாங்கி, நம் பிரஸ்ஸிலேயே ஒட்டிவிடலாம். சப்ளிமேஷனைவிடக் குறைந்த சூடு, பத்துப் பதினைந்து வினாடி போதும். வந்த ஆர்டரைக் கைவிட வேண்டியதில்லை.

எந்த வழியில் போனாலும், அடிக்கும் முன் அதே துணியில் ஒரு துண்டு அடித்து, நாலு விரல் அகலத்துக்கு இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றை வைத்துவிட்டு மற்றதை வெந்நீர், சோப்புத்தூளில் ஊறவைத்துக் கசக்கி அலசி, ஐந்து முறை துவைத்துக் காயப்போட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு வாடிக்கையாளரிடம் காட்டுங்கள். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், அப்போது எங்களுக்கும் ஆர்டர் சுருங்கிவிடும். நான் சோதனைத் துண்டுகளை அடித்து வைப்பது அந்த நாட்களில்தான். ஒவ்வொன்றிலும் துணியின் பெயர், சூடு, வினாடி, தேதி மார்க்கரில் எழுதியிருக்கும்.

பிரஸ்ஸைத் திறந்ததுமே படம் மங்கல்

துவைக்கும் முன்பே மங்கலாக இருந்தால் துணி காட்டனாகவோ கலப்பாகவோ இருக்கலாம். பாலியஸ்டர்தான் என்று நெருப்புச் சோதனையில் உறுதியாகிவிட்டால் கோளாறு சூட்டில்.

ஒரு முறை ஏர்வாடியில் இருந்து ஒரு தம்பி போன் செய்தார். சந்தனக்கூடுக்கு அடித்த பனியனில் படம் ஏறவே இல்லை, பேப்பரில்தான் அப்படியே இருக்கிறது என்றார். எத்தனை டிகிரி என்றேன். 200 என்றார். பிரஸ்ஸின் போட்டோவை அனுப்பச் சொன்னேன். டிஸ்பிளேயில் எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு எழுத்து, ஃபாரன்ஹீட்! அந்த 200 நம் கணக்கில் 93 டிகிரி. இட்லிச் சட்டியில் வைத்தாலே அந்தச் சூடு வந்துவிடும். பாலியஸ்டர் துணிக்கு 200 டிகிரி செல்சியஸ், அதாவது ஏறத்தாழ 390 ஃபாரன்ஹீட், 45 முதல் 60 வினாடி, நடுத்தர அழுத்தம், இதிலிருந்து தொடங்கிக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பேப்பரில் நிறம் மங்கலாகத்தான் தெரியும், அதைக் கண்டு பயந்து நிறத்தைக் கூட்டாதீர்கள். சூடு பட்ட பிறகுதான் பிரகாசிக்கும். கறுப்பு பழுப்படித்தால் பெரும்பாலும் சூடோ நேரமோ மிஞ்சிவிட்டது. ஐந்து வினாடி குறைத்துப் பாருங்கள்.

சப்ளிமேஷனில் வெள்ளை இங்க் கிடையாது. இங்க் கண்ணாடி மாதிரி, அடியில் இருக்கும் துணியின் நிறம் தெரியும். சாயம் போடாத காடாத் துணியின் பழுப்பில் அடித்தால் நீலம் பச்சையடிக்கும், முகம் காமாலை வந்தது போலாகும். சாயம் போட்ட துணியில் மங்கல் என்று புகார் வந்தால் அதற்கு மருந்து இல்லை.

எழுத்து இடவலம் மாறி வந்தால் மிரர் போட மறந்துவிட்டீர்கள். தமிழில் 'ப', 'ம' மாதிரி எழுத்துகள் திருப்பினாலும் கண்ணுக்குச் சட்டென்று உறைக்காது. திரையில் பார்க்கும்போது 'ட'வைத் தேடிப் பாருங்கள், அது காட்டிக்கொடுத்துவிடும்.

படத்தைச் சுற்றி மஞ்சள் சதுரம்

காட்டன் 200 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்தால் மஞ்சளிக்கத் தொடங்கும். ஸ்பிரே அடித்த இடம் இன்னும் முன்பே மஞ்சளிக்கும், தெளித்த எல்லை வரைபடம் மாதிரித் தெரியும். மருந்தைப் படத்தின் அளவுக்கு மட்டும் தெளிக்காமல் பிரஸ் தட்டு படும் அகலத்துக்கு ஒரே சீராகத் தெளித்தால் எல்லை கண்ணை உறுத்தாது. மேலே புது பட்டர் பேப்பர் வையுங்கள். பத்து முறை பயன்படுத்திய டெஃப்லான் ஷீட்டில் பழைய சாயம் ஏறியிருக்கும், அதுவே திரும்பத் துணியில் இறங்கும். லேசான மஞ்சள் என்றால் வெள்ளைத் துணியில் மட்டும் மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தொட்டுத் தடவி வெயிலில் வைத்து அலசிப் பாருங்கள், குறையும். பழுப்பாகிவிட்டால் நூலே வெந்துவிட்டது என்று அர்த்தம்.

கைத்தறியில் இந்த மஞ்சள் இன்னும் வேகமாக வரும், கஞ்சிதான் காரணம். மாவுச்சத்துக்கு நூலைவிடச் சீக்கிரம் கருகும் குணம். போன வருடம் ஒரு அம்மா பரமக்குடிக் காட்டன் சேலையோடு வந்தார். மாம்பழ நிறம், ஒரு முறையும் நனைக்காத சேலை, மொடமொடவென்று கஞ்சி. கையில் பழைய நோட்டிலிருந்து கிழித்த தாள் ஒன்று, அதில் மளிகைக் கணக்கு.

"இது எங்க அம்மா கையெழுத்து தம்பி. முந்தியில இத அப்படியே போட்டுத் தர முடியுமா?"

முடியும் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு ஒரு ஐந்நூறு ரூபாய் கிடைத்திருக்கும். சேலைக்குள் மடித்துத் தைத்திருந்த ரவிக்கைத் துணியின் ஓரத்தில் இரண்டு விரல் அகலம் அடித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். சரி என்றார். 190 டிகிரி, 40 வினாடி. திறந்ததும் அப்பளம் சுட்ட மாதிரி ஒரு வாசனை. மாம்பழ நிறத்தில் ஒரு பழுப்புக் கட்டம், அதன் நடுவில் எழுத்து இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருந்தது. அந்தத் துண்டை அவர் கண் முன்னாலேயே சோப்பில் கசக்கினேன். எழுத்து போய்விட்டது, பழுப்பு மட்டும் நின்றது.

தாளை ஸ்கேன் செய்து கோடுகளைத் துலக்கிக் கொடுத்து, ராமநாதபுரத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும் ஒருவரிடம் அனுப்பினேன். பிக்மென்ட் பேஸ்ட்டில் ஒரே நிறம்; அதில் இருக்கும் பைண்டர் என்ற பசை நூலோடு பிடித்துக்கொள்ளும். 'து.பருப்பு ½ கிலோ, சீரகம் 50' என்று முந்தி முழுக்க ஓடுகிறது இப்போது. கஞ்சியை அலசி எடுத்துவிட்டுத்தான் அடித்தார்களாம். பட்டுச் சேலையோடு வருகிறவர்களை நான் சோதனைக்கே உட்கார வைப்பதில்லை. அந்தச் சூட்டில் பட்டின் மினுக்கம் செத்துவிடும்.

நீலப் புள்ளிகள், கசிவு, பூத்துப்போன ஓரம்

உள்ளூர்க் கோளாறு என்றால் இதுதான். கோயம்புத்தூர்க்காரர் போடும் வீடியோவில் இந்தப் பாடம் வராது.

சப்ளிமேஷன் பேப்பர் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். காட்டன் துணி அதைவிட அதிகமாகக் குடிக்கும். பிரஸ்ஸின் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி, சாயத்தின் ஆவியையும் இழுத்துக்கொண்டு ஓரங்களில் வழியும். எழுத்தின் ஓரம் மீசை முளைத்த மாதிரி ஆகிவிடும், நடுவில் வெள்ளைக் கொப்புளங்கள் விழும். எங்களுக்கு ஐப்பசி முதல் மார்கழி வரை இது ஓயாது. மற்ற மாதங்களிலும் கடல் காற்று திரும்பும் சாயங்காலத்தில் வரும். கருவாடு காயாத நாளில் பேப்பரும் காயாது என்பது என் கணக்கு.

பேப்பரின் ஒரு மூலையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். நல்ல பேப்பர் தகரம் மாதிரி படபடக்கும். ஈரம் குடித்தது நமத்துப்போன அப்பளம் மாதிரி சத்தமில்லாமல் தொங்கும். பிரிண்டர் உருளையிலும் அதுதான் சிக்கும். கட்டைப் பிரித்ததும் தேவைக்கு எடுத்துக்கொண்டு மீதியை இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்துவிடுங்கள். ஷூ டப்பாவில், மாத்திரை டப்பாவில் வரும் பைகளைச் சேர்த்து வைத்தாலே போதும். பிரிண்ட் எடுத்த பேப்பர் ஃபேனுக்கு எட்டத்தில் சில நிமிடம் காய வேண்டும். பிறகு அடிப்பதற்கு முன் வெறும் துணியை பிரஸ்ஸில் பத்து வினாடி அழுத்தித் திறந்துவிடுங்கள். காட்டனும் கலப்பும் என்றால் இரண்டு முறை. முதல் முறை திறக்கும்போது ஆவி எழுவது கண்ணுக்கே தெரியும். ஆவி நிற்கிற வரை படத்தை வைக்காதீர்கள்.

பொட்டுப் பொட்டாக நீலமோ சிவப்போ தெரிந்தால் அது ஈரம் அல்ல, பஞ்சு. பேப்பரும் துணியும் சேரும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத நூல் துணுக்கு ஒன்று கிடந்தால் அது சாயத்தைக் குடித்துத் துணியில் கோடு போட்டுவிடும். காட்டன் சட்டைகளையும் பாலியஸ்டரையும் ஒரே மேசையில் மடித்தால் இது தினமும் வரும். பசையுள்ள ரோலரால் துணியை ஒரு முறை ஒற்றி எடுங்கள். ரோலர் இல்லையென்றால் அகல செல்லோ டேப்பைக் கையில் பின்புறமாகச் சுற்றிக்கொண்டு ஒற்றலாம். மேசையை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். கதவு தெருவைப் பார்த்து இருந்தால் மணலும் வரும். மணல் துகள் பட்ட இடத்தில் படத்தில் ஊசி முனை அளவுக்கு வெள்ளைப் புள்ளி நிற்கும்.

தொட்டால் பிளாஸ்டிக், மடித்தால் விரிசல்

ஸ்பிரே அதிகம், அல்லது வினைலுக்குச் சூடும் அழுத்தமும் போதவில்லை. முதலாவதற்கு அளவைக் குறைத்து இரண்டு மெல்லிய பூச்சாகக் கொடுங்கள். இரண்டாவதற்கு, பட்டர் பேப்பர் வைத்து மறுபடி பத்து வினாடி அழுத்துங்கள். அடித்த பிறகு 24 மணி நேரம் துவைக்கக் கூடாது, உள்புறம் வெளியே திருப்பிப் பச்சைத் தண்ணீரில் துவைக்க வேண்டும், படத்தின் மேல் அயர்ன் வைக்கக் கூடாது. இதை ஒரு சீட்டில் எழுதிச் சட்டையோடு வைத்துவிடுங்கள். வாயால் சொன்னால் வீட்டில் துவைக்கிறவர் காதுக்குப் போய்ச் சேராது.

இரட்டை நிழல்

பிரஸ்ஸைத் திறக்கும்போது பேப்பர் நகர்ந்துவிட்டது. இங்க் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கும் நேரம் அது. சூடு தாங்கும் டேப்பால் நாலு மூலையும் ஒட்டுங்கள். திறக்கும்போது ஃபேனை நிறுத்துங்கள். பேப்பரைச் சூடாக இருக்கும்போதே ஒரே இழுப்பில் எடுங்கள். சட்டைக்குள் ஒரு தாளும் வையுங்கள், பின்பக்கம் சாயம் இறங்காது.

ஒரு பக்கம் பளிச், ஒரு பக்கம் வெளிறல்

துணியின் தையல், பட்டன், காலர் தட்டின் விளிம்பில் மாட்டினால் அந்தப் பக்கம் அழுத்தம் குறையும். அவற்றை வெளியே தொங்கவிட்டோ அடியில் பிரஸ்ஸுக்கென்று விற்கும் மெத்தென்ற தலையணை ஷீட் வைத்தோ சமன் செய்யுங்கள். அப்படியும் அதே மூலை வெளிறினால் தட்டின் சூடு சீராக இல்லை. ஒன்பது இடத்தில் அளந்து பாருங்கள், இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் கறுப்பு டெஃப்லான் மேல் காட்டினால் ஓரளவு சரியான எண் வரும். பளபள உலோகத்தின் மேல் காட்டினால் அது பொய் சொல்லும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வோல்டேஜ் இறங்கும் தெருவில் கடை இருந்தால் இன்னொன்றும் நடக்கும். முதல் சட்டை நன்றாக வரும், அடுத்தடுத்து அடிக்க அடிக்க மங்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு சட்டையும் தட்டின் சூட்டைக் குடித்துவிடுகிறது, ஹீட்டர் அதை ஈடுகட்டுமுன் அடுத்ததை வைத்துவிடுகிறோம். டிஸ்பிளே மறுபடி 200க்கு வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். அவசரத்துக்கு அடித்த பதினைந்தாவது ஜெர்சியும் முதல் ஜெர்சியும் ஒரே அணி மாதிரி இருக்காது.

சில மாதங்களுக்கு ஒரு முறை பிளக்கைக் கழற்றி, தட்டு முழுதும் ஆறிய பிறகு, பின்மூடியைத் திறந்து ஒயர் முனைகளைப் பாருங்கள். பாசி பிடித்த மாதிரிப் பச்சை பூத்திருந்தால் அது உப்புக் காற்றின் வேலை. அந்த முனையில் மின்சாரம் சரியாகப் பாயாது, சூடு ஏறி ஒயரே கருகும். என் பிரஸ்ஸில் ஒரு முனை இப்படித்தான் பொரிந்து போயிருந்தது. எலக்ட்ரீஷியன் பழைய முனையை வெட்டிப் புதிதாக லக் அடித்து, எர்த் ஒயரையும் சரிபார்த்துக் கொடுத்தார். அதற்கு முன் இரண்டு மாதமாக நான் பேப்பரையும் இங்க்கையும் மாற்றிக்கொண்டிருந்தேன்.